ரவியின் சிகிச்சை பற்றி

அன்புள்ள மாலதிக்கு,

பதில் தாமதித்ததற்கு நீ திட்டியதெல்லாம் நியாயம். இங்கே எல்லோரும் நலம். முரளி வழக்கம்போல் யாரிடமாவது வாதாடிக்கொண்டிருக்கிறான்.

விபத்துக்குப் பிறகு ரவியைப் பிடித்திருப்பது பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சல் நோய்) என்று மருத்துவர் உறுதிசெய்துவிட்டார், எந்த உளவியல் சிகிச்சை சிறந்தது என்று ஒரே வரியில் எழுது என்கிறாய். எதையும் முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்தாவிட்டால் உனக்குத் தூக்கம் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இங்கே அந்த வரிசை உனக்கு உதவாது.

எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த வெளிப்பாட்டுச் சிகிச்சையில், நடந்ததை இப்போது நடப்பதுபோலத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், அந்த ஒலிப்பதிவை வீட்டிலும் கேட்க வேண்டும், தவிர்த்துவந்த இடங்களுக்குப் படிப்படியாகப் போகவும் வேண்டும். பட்ரீசியா ரெசிக்கின் அறிதல்சார் செயலாக்கச் சிகிச்சை, வழக்கமாக 12 அமர்வுகளில், நடந்ததைப் பற்றி மனம் இறுகப் பிடித்திருக்கும் முடிவுகளுக்கு ஆதாரம் கேட்கிறது. பிரான்சின் ஷபிரோவின் இ.எம்.டி.ஆர். முறையில், நினைவை மனத்தில் நிறுத்தியபடி சிகிச்சையாளரின் விரலைக் கண்கள் பின்தொடரும். அந்தக் கண்ணசைவு உண்மையிலேயே தேவைதானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை (இதை முரளியிடம் சொல்லிவிடாதே).

அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 916 பேரிடம் முதலிரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வெளியானது. இரண்டிலும் அறிகுறிகள் குறைந்தன. வெளிப்பாட்டுச் சிகிச்சை சற்றே முந்தினாலும், அந்த வேறுபாடு மருத்துவ ரீதியில் பொருட்படுத்தத்தக்கதல்ல என்று ஆய்வாளர்களே சொல்லிவிட்டார்கள். என்னை உலுக்கியது வேறு எண்: அந்த முந்திய சிகிச்சையில் சுமார் 56 விழுக்காட்டினரும் மற்றதில் 47 விழுக்காட்டினரும் பாதியிலேயே விலகியிருந்தார்கள். எது அதிகம் குணப்படுத்துகிறது என்று நாம் தராசு பிடித்துக்கொண்டிருக்கிறோம். பாதிப் பேர் அறையிலேயே இல்லை!

டெனிஸ் ஸ்லோனும் பிரையன் மார்க்ஸும் உருவாக்கிய எழுத்துவழி வெளிப்பாட்டுச் சிகிச்சையில் எனக்கு ஆர்வம் மிகுந்தது அதனால்தான். மொத்தம் 5 அமர்வுகள். ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் நடந்ததை எழுத வேண்டும், வீட்டுப்பாடம் கிடையாது. 126 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், ரெசிக்கின் 12 அமர்வுச் செயலாக்கச் சிகிச்சைக்கு இது பலனில் குறைந்ததாக இல்லை. விலகியவர்களோ இதில் சுமார் 6 விழுக்காடு, அதில் ஏறக்குறைய 40.

விலகுவதைச் சோம்பல் என்று எண்ணிவிடாதே. நினைவைத் தவிர்ப்பதே இந்நோயின் அறிகுறிகளில் ஒன்று என்பதால், சிகிச்சை எந்த இடத்தைத் தொட வேண்டுமோ அங்கிருந்துதான் நோயாளி எழுந்து ஓடுகிறார். ‘எல்லாவற்றையும் மறந்துவிடு’ என்று உன் பெரியப்பா அவனுக்குச் சொல்லும் அறிவுரையும் அந்த ஓட்டத்துக்கே துணைபோகிறது. அவரைக் கொஞ்சம் தள்ளி வை.

உன் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய்: ‘வண்டியை நான் ஓட்டாமல் இருந்திருந்தால்’ என்று அவன் இரவில் புலம்புகிறான் என்று. மாலதி, உன் கேள்வியை விட அந்த வரி முக்கியமானது. அந்தக் குற்ற உணர்வுதான் அவனைத் தின்கிறது என்றால் நான் முதலில் ரெசிக்கின் முறையைத்தான் கேட்டுப்பார்ப்பேன். சாலையைக் கண்டாலே நடுங்குவதுதான் பெரிய தொல்லை என்றால் ஃபோவாவின் முறையை. ஆனால் தேர்வு செய்ய வேண்டியவன் ரவி. சிகிச்சையாளர் எந்த முறையில் முறையாகப் பயின்றவர், இடையில் அறிகுறிகள் கூடினால் என்ன செய்வார் என்பதை நீங்கள் இருவருமாகக் கேளுங்கள். ஒவ்வொரு முறையிலும் என்னென்ன செய்யச் சொல்வார்கள் என்று அவனிடம் ஒளிக்காமல் சொல்லி, எதற்குத் தலையசைக்கிறான் என்று எனக்கு எழுது. இம்முறை உடனே பதில் போடுகிறேன்.

அன்புடன்,
கீதா