என் சொல்லை முடித்துவைக்காதவர்களுக்கு

சென்ற மாதம் தங்கையின் கல்யாணத்தில், சிங்கப்பூர் சிராங்கூன் சாலை பெருமாள் கோவில் மண்டபத்தில் மைக் பிடித்து நான்கு நிமிடம் பேசினேன். பதினொரு இடத்தில் திக்கியது. எண்ணியது நானல்ல, தங்கைதான். அந்த நான்கு நிமிடத்துக்கு நான் கடன்பட்டவர்களுக்கு இந்த மடல்.

முதலில் தேக்கா பானக்கடை அக்காவுக்கு. உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும்: எனக்கு மைலோ பிடிக்காது. 'ம' சுலபமாக வரும், 'க' தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளும். பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பியை இங்கே கோப்பி ஓ கோசோங் என்போம்; அதைக் கேட்பதென்றால் எனக்கு இரண்டு கண்டம். அதனால் ஆறு வருஷம் மைலோ குடித்தேன். ஒருநாள் துணிந்து "கோ... கோ..." என்று நின்றபோது, பின்னால் வரிசையில் ஒருவர் "கோப்பியாம்!" என்றார். நீங்கள் கோப்பி வடிக்கும் துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அவரே சொல்லட்டும்" என்றீர்கள். என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தீர்கள். சொல்லி முடித்தேன். கோப்பி அன்று கொஞ்சம் ஆறித்தான் போயிருந்தது, பரவாயில்லை.

அப்புறம், பேச்சு சிகிச்சையாளருக்கு. 26 வயதில் பாலிகிளினிக் கடிதத்தோடு வந்தவனிடம், திக்கலை ஒழித்துவிடலாம் என்று நீங்கள் ஆசை காட்டவில்லை. பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இது உண்டு, மூளை பேச்சை ஒழுங்குபடுத்தும் விதத்தில் இருக்கும் வேறுபாடு, பரம்பரையாகவும் வரும், பயத்தால் வந்த நோயல்ல என்றீர்கள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். சின்ன வயதில் நாய் துரத்தியபோது தன் கையிலிருந்து என்னை நழுவவிட்டதால்தான் இப்படி ஆனது என்று அவர் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். என் நாக்கில் எத்தனை வசம்பு உரசினாரோ! அதற்கும் நன்றி அம்மா, கசப்பு மட்டும் இன்னும் நினைவிருக்கிறது.

உங்கள் வீட்டுப்பாடங்களில் கொடியது, கடைக்குப் போய் வேண்டுமென்றே திக்கிப் பேசுவது. முஸ்தபா கடையில் பேட்டரி விலை கேட்டேன். "பே-பே-பேட்டரி". கடைக்காரர் விலையைச் சொல்லிவிட்டு "வேற என்ன?" என்றார். அவ்வளவுதான். இதற்கா இருபது வருஷம் பயந்தேன் என்று எம்ஆர்டி ரயில் நிலையம் வரை சிரித்துக்கொண்டே நடந்தேன்.

கட்டாய தேசிய சேவையில் என்னோடு அணிவகுத்த நண்பர்களே, அணிவகுப்புப் பாட்டில் எனக்குத் திக்கியதே இல்லை. சேர்ந்து பாடும்போது திக்குவாய்க்காரர்கள் பலருக்கும் அப்படித்தான். தனியாகப் பெயர் சொல்லும்போது மட்டும் மாட்டிக்கொள்வேன். நீங்கள் ஒருவரும் அதைப் பட்டப்பெயராக்கவில்லை.

கடைசியாக மாப்பிள்ளைக்கு. உங்கள் பெயரும் 'க'வில் தொடங்கியது என் தங்கை செய்த சதி. மேடையில் அந்தப் பெயருக்காக என்னோடு சேர்ந்து காத்திருந்தீர்கள்.

கல்யாண வீடியோ வந்துவிட்டது. நான் பேசும் பகுதியை இன்னும் பார்க்கவில்லை. அம்மா மூன்று முறை பார்த்துவிட்டார்.