15 வருச வழக்கும் ஒரு கையெழுத்தும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

வேலி வழக்கு ஒண்டுக்காக ஒன்பது வருசமா கோட்டுப் படி ஏறுற ஆள் நான், அதால கோட்டடித் தேத்தண்ணிக் கடை எனக்கு ரெண்டாவது வீடு மாதிரி. அங்க எந்த நாளும் ஒரே கதைதான், நீதவான்மாரும் அரசாங்கமும் ஒரே பக்கம், எங்களுக்கு நீதி கிடையாது எண்டு. முந்தி நானும் அதைத்தான் கதைச்சனான். இப்ப அப்பிடிச் சொல்ல வாய் வருகுதில்லை, காரணம் எங்கட தென்மராட்சி மிருசுவில் படுகொலை வழக்கு.

2000 மார்கழியில, இடம்பெயர்ந்து இருந்த சனம் தங்கட வீடு வளவைப் பாத்திட்டு வருவம் எண்டு போனதுகள். எட்டுப் பேரைக் கழுத்தை வெட்டிப் புதைச்சாங்கள், அதில அஞ்சு வயசுப் பிள்ளையும் ஒண்டு. தப்பி ஓடிவந்த ஒராள் வாய் திறந்தபடியால்தான் விசயமே வெளியில வந்தது. பேந்து 15 வருசம் இழுபட்டு 2015ல கொழும்பில மூண்டு நீதிபதிமார் இருந்து ஒரு ஆமிக்காரருக்கு மரண தண்டனை குடுத்தவை, குற்றஞ்சாட்டப்பட்ட மற்ற நாலு ஆமிக்காரரும் விடுதலை. உச்ச நீதிமன்றமும் 2019ல தீர்ப்பு சரி எண்டு சொல்லிப்போட்டுது. அப்ப நீதிபதிமார் தங்கட வேலையைச் செய்தவைதானே? ஆனா 2020 பங்குனியில, கொரோனா ஊரடங்கில நாங்கள் எல்லாம் பாணுக்கு அந்தரப்பட்டுக்கொண்டிருக்கேக்க, ஜனாதிபதி கோட்டாபய ஒரு கையெழுத்தில ஆளை வெளியில விட்டிட்டார்.

மரண தண்டனைக் கைதிக்கு மன்னிப்புக் குடுக்கிறதெண்டால் வழக்கு விசாரிச்ச நீதிபதியிட்ட அறிக்கை எடுக்கவேணும், சட்டமா அதிபர் ஆலோசனை சொல்லவேணும், நீதி அமைச்சர் சிபாரிசு செய்யவேணும் எண்டு அரசியலமைப்பு 34ஆம் உறுப்புரையில கிடக்கு. கொலை வழக்கில மரண தண்டனை கிடைச்ச முன்னாள் எம்பி துமிந்த சில்வாவுக்கு 2021ல குடுத்த மன்னிப்பை 2024 தையில உச்ச நீதிமன்றம் செல்லாது எண்டு தூக்கி எறிஞ்சது, ஆள் ஜனாதிபதி எண்டாலும் நினைச்சபாட்டுக்குச் செய்யேலாது எண்டுதான். மிருசுவில் மன்னிப்புக்கு எதிராயும் மனுப் போட்டவை, ஆனா எங்கட தமிழ் அரசியல்வாதிமாரில ஆராவது அந்த அறிக்கை எங்க எண்டு வாய் திறந்து கேட்டவையோ?

எங்கட அரசியல் பொன்னம்பலம், செல்வநாயகம் காலத்திலயிருந்து அப்புக்காத்துமார்ட, அதாவது சட்டத்தரணிமார்ட அரசியல்தான். மேடையில சட்டம் மழையாக் கொட்டும். 2023ல முல்லைத்தீவு நீதிபதி சரவணராஜா, கோயிலோ விகாரையோ எண்டு பிணக்கில கிடக்கிற குருந்தூர்மலை வழக்கை விசாரிச்சவர், உயிர் அச்சுறுத்தல் எண்டு சொல்லிப் பதவியை விட்டு நாட்டை விட்டே போனார். அதுக்கு முன்னம் பாளிமென்றில ஒரு எம்பி அவரை வாய்க்கு வந்தபடி பேசினது, வெளியில பேசியிருந்தால் நீதிமன்ற அவமதிப்பு, உள்ள பேசினால் சிறப்புரிமை. அதுக்கெண்டே ஒரு தனிப் பிரேரணை கொண்டுவராமல் நீதிபதிமாரின்ர நடத்தையை இழுக்கேலாது எண்டு பாளிமென்ற் நிலையியற் கட்டளையிலயே இருக்கு, அதைக் கையில பிடிச்சுக்கொண்டு அண்டைக்கே எழும்பி நிண்டிருக்க வேண்டியது ஆர்? ஆள் போனாப்பிறகு மருதனார்மடத்தில இருந்து யாழ்ப்பாண டவுண் வரைக்கும் மனிதச் சங்கிலி, நானும் வெயிலுக்க கைகோத்து நிண்டனான், அதைப் பிழை எண்டு சொல்ல வரேல்ல.

ஒரு சின்னக் கேள்விதான். தகவலறியும் சட்டம் 2016லயே வந்திட்டுது. மிருசுவில் வழக்கை விசாரிச்ச நீதிபதிமாரிட்ட அறிக்கை கேட்டதோ இல்லையோ எண்டு உங்கட நிருபர் ஒராள் ஒரு விண்ணப்பம் போட்டால் என்ன? கடிதம் எழுதி முத்திரை ஒட்டுற செலவு என்ர.

கோட்டுப் படி ஏறிக் களைச்ச ஒரு வாசகன்,
தென்மராட்சி