நடந்த காடும் நடக்காத காடும்

கண்ணா,

நீ அனுப்பிய புத்தகப் பட்டியலில் பாதியை முடித்துவிட்டேன். மீதியைத் தொடுவேனா என்பது சந்தேகம்தான், அதிலும் அந்த டிராகன் காதல் கதைகள், ஒவ்வொன்றும் தலையணை கனம், அவன் அவளைப் பார்த்தான், அவள் பார்க்காத மாதிரி இருந்தாள் என்பதிலேயே நூறு பக்கம் ஓடிவிடுகிறது. டிராகன் வாயைத் திறந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருவேன். அதுவும் ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் பறந்துபோய்விடுகிறது.

சூசன்னா கிளார்க்கின் 'பிரனேசி' வேறு ரகம். முதல் நாற்பது பக்கம் ஒன்றும் புரியாமல் உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். முடிவே இல்லாத மண்டபங்கள், எங்கு பார்த்தாலும் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல் ஏறி இறங்குகிறது, அதற்குள் ஒருத்தன் அலைகளுக்கு அட்டவணை போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறான். அங்கே கிடக்கும் எலும்புக்கூடுகளுக்கு அல்லிப்பூ கொண்டுபோய் வைக்கிறான் பார், அந்த இடத்தில் நான் விழுந்துவிட்டேன். அவருடைய முதல் நாவல் 2004-இல் வந்தது, இது 2020-இல். நடுவில் பல வருஷம் நோயில் வீட்டோடு முடங்கிக் கிடந்தாராம். அது தெரிந்த பிறகு திரும்பப் புரட்டினால் அந்த மண்டபங்களே வேறு மாதிரி தெரிகின்றன.

காமிக்ஸும் படிக்கத் தகுந்ததுதான் என்று நீ சொன்னது சரி, இல்லை என்று நான் சொன்னது தப்பு. எமில் ஃபெரிஸின் 'மை ஃபேவரிட் திங் இஸ் மான்ஸ்டர்ஸ்' முழுக்கக் கோடு போட்ட நோட்டில் பால்பாயின்ட் பேனாவால் வரைந்த மாதிரி இருக்கிறது, பத்து வயசுப் பெண் தன்னையே ஓநாய் மனுஷியாக வரைந்துகொள்கிறாள். ஒரு கன்னத்தின் நிழலுக்குக் குறுக்கும் நெடுக்குமாக எத்தனை கோடு என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். அவர் நாற்பது வயசில் ஒரு காய்ச்சலால் கைகால் விழுந்து, பேனாவைக் கையோடு ஒட்டிக்கட்டி மறுபடி வரையப் பழகியவர். முதல் பாகம் 2017, ரெண்டாவது 2024. ஏன் இத்தனை வருஷம் என்று இனிமேல் யாரும் கேட்கக் கூடாது. (கதை ரெண்டாம் பாகத்தில் கொஞ்சம் தொளதொளவென்று ஆகிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

'ஃப்ரீரன்' என்ற மாங்காவை, அதாவது அந்த ஜப்பானிய காமிக்ஸைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. அசுர ராஜாவை வென்றுவிட்டு வந்த பிறகு கதை தொடங்குவதே நல்ல யோசனை. ஆயிரம் வருஷத்துக்கு மேல் வாழ்கிற அந்தப் பெண்ணுக்குக் கூட்டாளிகளோடு சுற்றிய பத்து வருஷம் ஒரு பொருட்டே இல்லை, ஐம்பது வருஷம் கழித்து அவர்களில் ஒருவனைப் புதைக்கும்போதுதான் இவனைத் தெரிந்துகொள்ள ஒரு முயற்சியும் எடுக்கவில்லையே என்று அழுகிறாள். முதல் அத்தியாயத்திலேயே இதை வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றேதானே எனக்கு அனுப்பினாய்? சரி, போகட்டும்.

இப்போது நம் சண்டைக்கு வருகிறேன். ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தை எடுத்த படங்களில் ஜோயல் கோயனுடையதுதான் இருப்பதிலேயே சிறந்தது என்கிறாய். கேத்ரின் ஹன்டர் ஒருத்தியே மூன்று சூனியக்காரிகளாக உடம்பை முறுக்கிக்கொண்டு நிற்பதும், தண்ணீரில் மற்ற ரெண்டு பேரும் பிம்பமாகத் தெரிவதும் அபாரம், ஒத்துக்கொள்கிறேன். டென்சல் வாஷிங்டனும் ஃபிரான்சஸ் மெக்டார்மண்டும் மக்பெத்தும் அவன் மனைவியுமாக, அறுபதைத் தாண்டிய ஜோடியாக வருவது அதைவிட நல்ல யோசனை, பிள்ளை இல்லாத கிழவனும் கிழவியும் இனி யாருக்காக ராஜ்ஜியம் தேடுகிறார்கள் என்று வயிற்றைப் பிசைகிறது. ஆனால் மொத்தப் படமும் துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருக்கிறது கண்ணா. கொலைகூட அழுக்காகவில்லை.

எனக்கு அந்தக் காடுதான் உரைகல். காடு கோட்டைக்கு நடந்து வரும்வரை உனக்குத் தோல்வி இல்லை என்று சூனியக்காரிகள் வழியாக மக்பெத்துக்கு ஒரு வாக்கு. கடைசியில் காடு வருவதில்லை, வீரர்கள் கிளையை வெட்டி முன்னால் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். பள்ளிக்கூட வயசில் இதைப் படித்து ஏமாந்துபோன டோல்கீன், பிற்பாடு தன் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் மரங்களையே போருக்கு நடக்கவிட்டார், அதை ஒரு கடிதத்தில் எழுதியும் வைத்திருக்கிறார். நீ டோல்கீன் கட்சி. நான் இல்லை. மரம் நிஜமாக நடந்தால் மக்பெத் மாயத்தால் தோற்றவன் ஆகிவிடுவான். கிளையைப் பிடித்துக்கொண்டு வருவதால்தான் அவன் சொல்லை நம்பிக் கெட்டவன் ஆகிறான்.

ஜப்பானிய இயக்குநர் குரோசவா, மக்பெத்தைத் தழுவி எடுத்த 'த்ரோன் ஆஃப் ப்ளட்' படத்தில் 1957-இலேயே ரெண்டு பக்கத்தையும் சமாளித்துவிட்டார். மூடுபனிக்குள் மரங்கள் அசைந்து அசைந்து வருவதைக் கோட்டைக்குள் இருப்பவன் கண்ணால் பார்க்கிறோம், நமக்கும் அது நடக்கிற காடுதான். அப்புறம் அவனைக் கொல்வது எதிரி இல்லை, சொந்த ஆட்களின் அம்புகள். ஷேக்ஸ்பியரின் ஒரு வரிகூடப் படத்தில் கிடையாது. மனைவி இருட்டறைக்குள் போகிறாள், திரையில் வெறும் கறுப்பு, பட்டுத் துணி உரசும் சத்தம் மட்டும், பிறகு மயக்கமருந்து கலந்த மதுவோடு வெளியே வருகிறாள். நீ அந்த இடத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாய், எனக்குத் தெரியும்.

கோயன் படம் வந்த அதே 2021-இல் மக்பெத்தைத் தழுவி மலையாளத்தில் வந்த 'ஜோஜி'யைத்தான் இன்னும் மனசிலிருந்து இறக்க முடியவில்லை. அதில் காடும் இல்லை சூனியக்காரியும் இல்லை. அப்பாவின் மாத்திரையை மாற்றி வைக்கிற ஒரு பிள்ளை, பக்கத்தில் அண்ணி. சாவு வீட்டில் அவனிடம் அண்ணி மாஸ்க் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறாள், அவ்வளவுதான். உள்ளே இருப்பதை முகம் மறைக்கட்டும் என்று நாடகத்தில் வருவதை ஒரு துணி மாஸ்க்கில் முடித்துவிட்டார்கள்.

பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' என்றும் மக்பெத்தை 'மகபதி' என்றும் தமிழில் இறக்கினாரே, பெயரைச் சொல்லிப் பார், மூலம் காதில் விழுகிறது, ஆனாலும் ஆள் நம்ம ஆள். தழுவல் என்றால் நான் கேட்பது அதுதான்.

அடுத்த முறை வரும்போது குரோசவா படத்தை மறுபடி போடுவேன், போனை வெளியே வைத்துவிட்டு உட்கார வேண்டும். 'ஃப்ரீரன்' அடுத்த தொகுதி உன்னிடம் இருந்தால் எடுத்துக்கொண்டு வா. டிராகன்களை அங்கேயே விட்டுவிடு.

அம்மா