அணை திறப்புச் செய்திக்குத் தேதி வேண்டும்

ஐயா,

செய்தித் தலைப்புகளைத் திரட்டித் தரும் செயலிகள் குறித்த தங்கள் தலையங்கம் கண்டேன். 2002-இல் கூகுள் நியூஸ் தொடங்கியது முதல், கணினி நிரலே செய்திகளை அடுக்கும் முறை பரவிவிட்டது. நிரல் பல தளங்களைப் படித்து, ஒரே நிகழ்வைப் பற்றியவற்றை ஒன்றாகக் கட்டி, செய்தி எவ்வளவு புதியது, வாசகரின் ஊர் எது என்றெல்லாம் பார்த்து வரிசைப்படுத்துகிறது. இதில் பெருங்குறை தேதிதான். பழைய பக்கத்தில் ஒரு வரியைத் திருத்தி மீண்டும் ஏற்றினாலே அது இன்றைய செய்தியாக மேலே வந்து நின்றுவிடக்கூடும்.

காவிரி நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் குறுவை நெல் சாகுபடி நேரத்தில் 'மேட்டூர் அணை திறப்பு' என்று கைபேசியில் தேடினேன். முதல் தலைப்பின் கீழ் '3 மணி நேரத்துக்கு முன்' என்றிருந்தது. நான் சொன்னதை நம்பிப் பக்கத்து வயல்காரர் விதை நெல்லைச் சாக்கோடு குளத்தில் ஊறப்போட்டுவிட்டார். மறுநாள் முழுவதும் படித்தபோதுதான் அது முந்தைய ஆண்டுச் செய்தி என்று தெரிந்தது. சாக்கைப் பிரித்தால் நெல்லின் நுனியில் வெள்ளையாய் முளை. வாய்க்காலிலோ வெடித்த சேறு. வழக்கப்படி ஜூன் 12 என்றாலும், நீர் இருப்பைப் பொறுத்துத் திறப்பு தள்ளிப்போவது டெல்டா அறிந்ததே. செயலிகள் திருத்திய நேரத்தோடு முதலில் வெளியான தேதியையும் காட்ட வேண்டும். தங்கள் நாளிதழும் அணை, ஆறு, நெல் கொள்முதல் பற்றிய இணையத் தலைப்புகளிலேயே நாளையும் ஆண்டையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு விவசாயி, திருத்துறைப்பூண்டி