'ஏழு மணியளவில்' அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வியாழக்கிழமை தங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் 'வானில் மர்மப் பொருள்: மூதாட்டி பீதி' என்று ஒரு செய்தி வந்தது. அந்த மூதாட்டி நான்தான். பீதி எனக்கு இல்லை. பிப்ரவரிக் குளிரில் மொட்டை மாடியில் நின்றதால் பல் கிட்டியது உண்மை. 68 வயதை 78 ஆக்கியிருந்தீர்கள், அதையும் விட்டுவிடுகிறேன். ஆனால் 'கோத்தகிரியில் இரவு 7 மணியளவில்' என்று தொடங்குகிறதே முதல் வரி, அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

7 மணி 7 நிமிடம் 20 விநாடி என்று தங்கள் நிருபரிடம் இரண்டு முறை சொன்னேன். "குறித்துக்கொண்டேன் அம்மா" என்றார். அடுத்த கேள்வி, "பச்சை நிறத்தில் இருந்ததா? சத்தம் வந்ததா?"

சத்தமும் இல்லை, பச்சையும் இல்லை. அகத்தியர் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் தோன்றி, திருவாதிரையை உரசினாற்போல் வடக்கே ஏறி, எதிர்வீட்டுக் கற்பூர மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. எட்டு விநாடிக்கு ஒருமுறை பளிச்சென்று மின்னி மங்கியது. விமானத்துக்கு உரிய சிவப்பு விளக்கு இல்லை. அப்படி மின்னுவது பெரும்பாலும் கட்டுப்பாடு இழந்து உருண்டு புரளும் பழைய ராக்கெட் பாகமாக இருக்கும். என் தங்கை மகன் கைப்பேசியில் செயற்கைக்கோள் பட்டியலைத் தேடினான்; அந்த நேரத்தில் அந்த வழியில் எதுவும் இல்லை. பட்டியலில் இல்லாததால்தான் 'அடையாளம் தெரியாதது' என்றேன். அது தங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்வதற்குள் 'மர்மம்' ஆகிவிட்டது. தன் உளவுச் செயற்கைக்கோள்களின் பாதையை அமெரிக்கா வெளியிடுவதில்லை, உலகெங்கும் சாதாரண மனிதர்கள் பைனாகுலரும் ஸ்டாப் வாட்ச்சுமாக உட்கார்ந்து அவற்றைக் கணக்கிடுகிறார்கள் என்பது தாங்கள் அறியாததா? 2005இல் நாசா தொலைத்த ஒரு செயற்கைக்கோளை 2018இல் கண்டுபிடித்தவர் கனடாவில் வீட்டிலிருந்தே ரேடியோவில் வானைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர். அவரை யாரும் பீதியடைந்தவர் என்று எழுதியதாகத் தெரியவில்லை.

இந்த வேலையில் நேரம்தான் எல்லாம். தாழ்வான சுற்றுப்பாதையில் போகும் பொருள் விநாடிக்கு ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர் ஓடும். ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒரு சுற்று சுற்றிவிடும். நீங்கள் தாராளமாகத் தள்ளிவிட்ட ஏழு நிமிடம் இருபது விநாடியில் அது மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து, இமயமலைக்கு அப்பால் போயிருக்கும். அதே மாலையில் தேனியிலோ மதுரையிலோ ஒருவர் அதைப் பார்த்து நேரம் குறித்திருந்தால், எந்த நட்சத்திரத்தின் அருகே அவர் பார்த்தார், நான் எதன் அருகே பார்த்தேன் என்று ஒப்பிட்டு உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம். அவர் உங்கள் செய்தியைப் படித்துவிட்டு, 'ஏழு மணிக்கா? அப்படியானால் நான் பார்த்தது வேறு' என்று தாளை மடித்து வைத்திருப்பார்.

நான் குன்னூரில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். வெளியூர் அழைப்பை ஆபரேட்டர் இணைத்துக் கொடுத்த ட்ரங்க் கால் காலம். மூன்று நிமிடம் என்றால் மூன்று நிமிடம். அழைப்பைக் குறிக்கும் டிக்கெட்டில் தொடக்கமும் முடிவும் தப்பினால் மேற்பார்வையாளர் நிற்க வைத்துக் கேட்பார். 1979 ஜூலையில் அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலாப் விழப்போகிறது என்று பத்திரிகைகள் கிளப்பிய வாரத்தில் என் போர்டில் ஒரு விளக்கும் அணையவில்லை. "நம் தலையில் விழுமா அம்மா?" என்று எஸ்டேட்காரர்கள் என்னைக் கேட்டார்கள், ஏதோ நான்தான் அதை மேலே பிடித்துக்கொண்டிருப்பதுபோல. அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தது. (2023இல் நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் பாகமே அதே மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஒதுங்கியது. பாவம், அந்த ஊர்க்காரர்கள்.)

மலை என்றாலே 'அளவில்' போதும் என்று யார் தீர்மானித்தார்கள்? 2009 நவம்பர் மண்சரிவில் 'காலை 10 மணியளவில் போக்குவரத்து சீரடைந்தது' என்று எழுதினீர்கள். அதை நம்பிப் புறப்பட்டு, மாலை வரை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முத்தோரையில் 530 மீட்டர் நீளத்துக்கு மலைச்சரிவில் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியின் படத்துக்குக் கீழே 'ஊட்டி டி.வி. கோபுரம்' என்று போட்டீர்கள். 1970 முதல் அங்கே இருப்பது அது. மலர்க் கண்காட்சிக்கு மட்டும் முழுப் பக்கம், நேரம் தவறாமல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் இறந்தபோது, அடக்கம் பிற்பகல் 2.30 என்று எழுதிக் கொடுத்த விளம்பரத்தில் 'மாலையில்' என்று அச்சிட்டீர்கள். காந்தலிலிருந்து நான்கு மணிக்கு வந்து இறங்கிய அவருடைய அக்கா தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. காசு கட்டிய விளம்பரம் அது. ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது.

நான் கேட்பது இரண்டு வரித் திருத்தம்: 'கோத்தகிரியில் அந்தப் பொருள் காணப்பட்ட நேரம் இரவு 7 மணி 7 நிமிடம் 20 விநாடி.' வயதைத் திருத்த வேண்டியதில்லை.

இப்படிக்கு,
(பெயரைச் சரியாகத்தான் போட்டிருந்தீர்கள், மறுபடி வேண்டாம்)
ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர்,
கோத்தகிரி.