கூப்பிட்டால் வரும் ஜிடிபி சர்வர்

அன்புள்ள மாப்ள,

பொங்கலுக்குப் பிறகு என்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை என்று நம் கூட்டாளி சோடாவிடம் புலம்பினாயாம். சரி, திட்டிக்கொள். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. வெயில் வழக்கம்போல. வீட்டுச் செய்தி அவ்வளவுதான். மற்றதைச் சொல்ல இங்கே ஆளில்லாமல் மண்டை காய்கிறது.

மேலூர்ப் பக்கம் தோப்புகளில் மோட்டாரை ஓட்டி நிறுத்தும் எங்கள் பெட்டி உனக்குத் தெரியும். அதே போர்டுகள் ஆபீஸ் மேசையிலும் வரிசையாகக் கிடக்கின்றன. முன்பெல்லாம் பிழை தேட, சீரியல் வயரைச் செருகி, லாகின் செய்து, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் புராசஸ் எண்ணைக் கண்டுபிடித்து, ஜிடிபி சர்வரை, அதாவது லேப்டாப்பில் இருக்கும் ஜிடிபி என்ற பிழைதேடிக்கு போர்டிலிருந்து பதில் சொல்லும் குட்டி புரோகிராமை, கையால் கிளப்ப வேண்டும். பாதியில் யாராவது டீக்குப் போனால் அது அப்படியே தொங்கும்.

இப்போது அந்த வேலையை, இணைப்பு வந்தால் மட்டும் அதற்குரிய புரோகிராமைக் கிளப்பிவிடும் எக்ஸ்ஐநெட்டியிடம் விட்டாயிற்று. 1986-இல் 4.3 பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்த ஐநெட்டியின் வாரிசுதான். நம் வாத்தியார் பெருசு வகுப்பில் சொன்னபோது நீ தூங்கினாய், நான் உன் நோட்டில் படம் வரைந்தேன். போர்டுக்குள் ஒரு நெட்வொர்க் போர்ட்டில், அதாவது எண் போட்ட வாசலில், அது காத்திருக்கும். என் லேப்டாப்பில் ஜிடிபிக்கு ‘டார்கெட் ரிமோட்’ என்ற கட்டளை கொடுத்ததும் இணைப்பை வாங்கி, ஒரு புராசஸைக் கிளப்பி, அந்த இணைப்பின் முனையான சாக்கெட்டையே அதன் இன்புட், அவுட்புட், எரர் மூன்றாகவும் மாட்டிவிடும். ஜிடிபி சர்வருக்கு போர்ட் எண் இருக்கும் இடத்தில் வெறும் ஒரு சிறு கோடு போட்டால் போதும், அந்த இன்புட் அவுட்புட்டிலேயே பேசிக்கொள்ளும். வேலை முடிந்து டிடாச் செய்து புரோகிராமை விட்டுவிட்டால் சர்வரும் போய்விடும், மெமரியும் மிச்சம்.

ஒரு வில்லங்கம் உண்டு. எரரும் அதே சாக்கெட் என்பதால், ஜிடிபி சர்வர் தன் பாட்டுக்கு ‘அட்டாச் ஆச்சு’, அதாவது புரோகிராமைப் பிடித்தாயிற்று, என்று எழுதுவதும் பேச்சுக்கு நடுவே வந்து விழும். அதனால் நேராகக் கூப்பிடாமல் ஒரு குட்டி ஷெல் ஸ்கிரிப்ட். புராசஸ் எண்ணைத் தேடுவதும் எரரை லாக் ஃபைலுக்குத் தள்ளுவதும் அதன் பொறுப்பு. எக்ஸ்ஐநெட்டியில் ‘இன்ஸ்டன்ஸ்’, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் எண்ணிக்கை, ஒன்று என்று கட்டியாயிற்று, ஒரே புராசஸை இரண்டு பேர் பிடித்து இழுக்க வழியில்லை. நீ பார்த்தால் ‘இதுக்கா இவ்வளவு அலப்பறை’ என்பாய். எனக்கு அழகாகத்தான் இருக்கிறது.

இனிமேல்தான் வயிற்றெரிச்சல். முதலாளி இதைப் பார்த்துவிட்டு, தோப்புக்குப் போகும் எல்லாப் பெட்டியிலும் இதே மாதிரி திறந்து வை என்கிறார். சிம் கார்டு வழியாக, வெளி இன்டர்நெட்டில், முழு அதிகாரம் உள்ள ரூட்டாக. ஜிடிபி சர்வர் பாஸ்வேர்டு கேட்காது மாப்ள. போர்ட்டைத் தொட்டவன் எவனும் மெமரியில் எதையும் எழுதலாம், பெட்டியே அவனுடையது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், யாரோ விளையாட்டாக அட்டாச் செய்தாலே புரோகிராம் அந்த இடத்தில் உறைந்துவிடும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், கிணறு வற்றினாலும் நிறுத்த ஆள் கிடையாது. ராத்திரி மூன்று மணிக்குக் கரண்டு வந்ததும் போட்டுவிட்டுப் படுக்கிற சம்சாரிக்கு, எரிந்த காயிலைத் திரும்பக் கட்டுகிற செலவை யார் கொடுப்பது?

சாவி காட்டினால்தான் திறக்கும் பூட்டிய இணைப்பு, எஸ்எஸ்ஹெச், போதும் என்கிறேன். ‘டார்கெட் ரிமோட்’டுக்குப் பிறகு ஒரு பைப் குறி (|), எஸ்எஸ்ஹெச், அந்தப் பக்கம் அதே ஸ்கிரிப்ட். அதே சிறு கோடு இங்கேயும் வேலை செய்யும். தோப்புப் பெட்டியில் எக்ஸ்ஐநெட்டியே வேண்டாம், சாவி உள்ளவன் மட்டும் நுழையட்டும். டிராப்பேர் மாதிரி சின்ன எஸ்எஸ்ஹெச் சர்வர் அந்த போர்டில் தாராளமாக அடங்கும். ‘சாவி மேனேஜ்மென்ட் பெரிய தலைவலி’ என்கிறார். தலைவலிதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகவா?

உங்கள் பெங்களூர் கம்பெனியில் களத்துக்குப் போன பெட்டிகளின் சாவியை யார் வைத்திருக்கிறார்கள், ஆள் வேலையை விட்டுப் போனால் எப்படி மாற்றுகிறீர்கள்? விவரமாக எழுது, அடுத்த வாரம் அவர் முன்னால் வைக்க வேண்டும். சோடா காதில் போட்டுவிடாதே, ‘நானே வந்து பேசுறேன்’ என்று கிளம்பிவிடுவான்.

உன்,
பங்காளி