ரெண்டு டிக்கோடு நிற்கிறது

அன்புள்ள கண்மணிக்கு,

அண்ணன் விஷயம் முடிந்தது. நீ சொன்னபடிதான் ஆயிற்று, அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

என் மகள் நெட்வொர்க் வேலை பார்க்கிறாள் என்று எல்லோரிடமும் பெருமையடித்துவிட்டு, அது என்ன வேலை என்று யாராவது கேட்டால் முழிக்கிறேனே, அதனால் கொஞ்சம் படித்தேன். தப்பிருந்தால் திருத்து. திருத்துவதற்காகவாவது எழுது.

நான் உனக்குப் போடும் போட்டோ முழுசாகப் போவதில்லையாம். 0, 1 என்று மாறி, பெரும்பாலும் 1500 பைட்டுக்கு மேல் போகாத துண்டுகளாகி, ஒவ்வொன்றும் அனுப்பியவர் முகவரி, போய்ச்சேர வேண்டிய முகவரி இரண்டையும் சுமந்துகொண்டு தனியாகக் கிளம்புகிறது. பின்னால் கிளம்பியது முன்னால் போய் நின்றாலும் வரிசை எண்ணைப் பார்த்து அந்தப் பக்கம் அடுக்கிக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது டிசிபிதான், அந்தத் துண்டுகள் ஒழுங்காகப் போய்ச்சேர இரண்டு கணினிகளும் கடைப்பிடிக்கிற விதிமுறை, 1974-இல் வின்ட் செர்ஃபும் பாப் கானும் கட்டுரையாக வெளியிட்டது. எதையும் அனுப்புவதற்கு முன்பே இரண்டு பக்கமும் பேசிக்கொள்கின்றன: இருக்கிறாயா, இருக்கிறேன் நீ இருக்கிறாயா, நானும் இருக்கிறேன். அப்புறம்தான் விஷயமே. வந்ததற்கெல்லாம் 'வந்தது' என்று பதில் போக வேண்டும், போகாவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பும், அதற்கும் பதில் இல்லையென்றால் இரட்டிப்பு நேரம் பொறுத்து மறுபடி, அப்புறம் அதிலும் இரட்டிப்பு. வழியில் நெரிசலாக இருக்கலாம், நாமும் போய் முட்ட வேண்டாம் என்றுதான். உன் அப்பாவுக்கு அந்தப் பொறுமை ஏது, விடாமல் கூப்பிடுகிறார், நான்தான் போனைப் பிடுங்கி வைக்கிறேன். ஒரு கட்டத்துக்கு மேல் தொடர்பு போய்விட்டது என்று டிசிபியும் விட்டுவிடுமாம். அதோடு அன்றைக்குப் படித்தது போதும் என்று மூடிவிட்டேன்.

யுடிபி என்று இன்னொன்று, வீடியோ காலுக்குப் பெரும்பாலும் அதுதானாம், அனுப்பிக்கொண்டே இருக்கும், வந்ததா என்று கேட்காது. எனக்கு ஒத்துவராது.

வாட்ஸ்அப்பில் ஒரு டிக் என்றால் சர்வர் வரை, இரண்டு என்றால் உன் போனுக்கே வந்துவிட்டது. நான் போட்டதெல்லாம் ரெண்டு டிக்கோடு நிற்கிறது. நீலமாவதை நீ அணைத்து வைத்திருப்பாய் என்கிறான் தம்பி. உன் இஷ்டம், நான் அதைக் கேட்கவே இல்லை. ராத்திரி கண் விழிக்காதே, வேலை எங்கேயும் ஓடிவிடாது. ஊருக்கெல்லாம் தொடர்பு கொடுக்கிற பிள்ளை, வீட்டுக்கு மட்டும் நேரமில்லை.

அந்த 'வந்தது' என்கிற பதிலுக்குள் சேதி எதுவும் இருக்க வேண்டியதில்லையாமே, முகவரி, வரிசை எண் எல்லாம் இருக்கிற வெறும் தலைப்பு மட்டும், ஐபிவி4 என்கிற பழைய முகவரி முறையில் 40 பைட் போதுமாம். அவர் என்ன சொன்னார், அங்கே என்ன முடிவு என்று ஒன்றும் எழுத வேண்டாம். ஒரு புள்ளி வைத்து அனுப்பு. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ராத்திரி கண் விழிக்காதே.

அம்மா